சூதாட்ட இயந்திரம் ஒன்று, முத்திரை உடைக்கப்படாதது

முப்பத்துநான்கு வருஷம் கொழும்பில் சுங்க மதிப்பீட்டாளராக இருந்து, பிறருடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்று லண்டனில் மகளோடு வந்து தங்கிய பிறகு திறந்து பார்க்க ஒரு பெட்டியும் கிடைக்கவில்லை. மகள் வாங்கிவரும் பிஸ்கட் தகரத்தைத் தராசில் வைத்து, மேலே எழுதியிருக்கும் நிறை சரிதானா என்று பார்த்துக் காலம் தள்ளினேன்.

ஆகவே அடுத்த வீட்டு ஹரல்டை எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த பழைய தொலைக்காட்சி விளையாட்டுக் கருவிகளை அவர் பொறுக்கி வந்து வீடு முழுக்க அடுக்கிவைத்திருந்தார். தொலைக்காட்சியில் வயரைக் கொளுவினால் திரையின் இரண்டு கரையிலும் இரண்டு கோடுகள் தோன்றும். நடுவில் ஒரு புள்ளி ஓடும். குமிழைத் திருப்பிக் கோட்டை மேலும் கீழும் நகர்த்தி, புள்ளியை எதிர்ப்பக்கத்துக்கு அடிக்க வேண்டும். அடித்தால் ‘டொக்’. தவறவிட்டால் ‘ட்ர்ர்’. இதை வாங்க வெள்ளைக்காரர் ஒருகாலத்தில் வரிசையில் நின்றார்களாம்.

ஹரல்டிடம் ஒரு தரப்படுத்தல் தாள் இருந்தது. முதலாம் தரம்: பெட்டி திறக்கப்படாதது. இரண்டாம் தரம்: திறக்கப்பட்டது, ஆனால் உறுப்புகள் குறையாதது. மூன்றாம் தரம்: மற்றவை. இவ்வளவு சுருக்கமாகவும் இரக்கமில்லாமலும் எழுதப்பட்ட தாளை நான் அரசாங்கத்தில்கூடக் கண்டதில்லை. தன்னிடம் இல்லாத கருவி ஒன்றின் படத்தைக் காட்டினார். செம்மஞ்சள் நிறம், கறுப்புக் குமிழ் இரண்டு. “இது முதலாம் தரத்தில் கிடைத்தால் வீட்டுக் கூரையைக்கூட விற்பேன்” என்றார்.

எனக்குத் தேநீர் புரையேறியது. அந்தக் கருவியை நான் மூன்று மணித்தியாலம் பரிசோதித்திருக்கிறேன். அது இலங்கையின் வடக்கே குடாநாட்டில், கொக்குவிலில், என் தங்கை இராசமணி வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது.

பதினாறு வருஷத்துக்கு முன் இராசமணியின் கணவர், என் மச்சான் கனகசபை, சிங்கப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். கரம் விளையாட்டில் ஊரையே தோற்கடிக்கும் மனைவிக்கு அவர் கொண்டுவந்த பரிசு அந்தக் கருவி. எங்கள் நாட்டில் அப்போது தொலைக்காட்சியே சரிவரத் தொடங்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய துரதிர்ஷ்டம், அன்று விமான நிலையத்தில் கடமையில் இருந்தவன் நான். வேறொருவருடைய சாமான் என்றால் ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதி இரண்டு நிமிஷத்தில் அனுப்பியிருப்பேன். மச்சானுடைய சாமான் என்பதால் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசித்தேன். இதில் புள்ளிகள் எண்ணப்படுகின்றன. ஒருவர் வெல்கிறார், ஒருவர் தோற்கிறார். ‘சூதாட்ட இயந்திரம் ஒன்று’ என்று எழுதினேன். அதற்குத்தான் ஆகக்கூடிய தீர்வை. மச்சான் கையில் கட்டியிருந்த புது மணிக்கூட்டை அங்கேயே ஒருவருக்கு விற்றுக் காசைக் கட்டினார். நான் பெட்டியை மறுபடி ஒட்டி, என் ஒப்பத்தையும் முத்திரையையும் வைத்துக் கொடுத்தேன்.

அன்றோடு அவர் என்னுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார். பெட்டியையும் திறக்கவில்லை. கோயில் திருவிழா செய்கிறவன் வீட்டில் சூதாட்டச் சாமானைத் தொடுவதோ என்று சொல்லி, நான் செய்த அநியாயத்துக்குச் சான்றாக அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சண்டை சில வாரம் நின்றிருந்தபோது, இராசமணியின் கடிதம் வந்தது. எழுத்து அவளுடையதல்ல, யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. கொழும்புக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்தால் பார்வை திரும்பும், பிந்தினால் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அவர்களிடம் வசதி இல்லை. நான் அனுப்பிய காசை மச்சான் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

என் காசை வாங்கமாட்டார். ஆனால் தன்னுடைய சாமானை ஒரு வெள்ளைக்காரனுக்கு விற்ற காசை? மூன்று சட்டை, கொஞ்சம் கார்பன் தாள், ஹரல்டின் தரப்படுத்தல் தாளில் ஒரு பிரதி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள், இராணுவத்தின் கடைசிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பெட்டியைக் கிளறினார். கிளறிய விதத்தில் பயிற்சி போதாது. கீழிருந்து மேலே வர வேண்டும். கார்பன் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிங்களத்தில் கேட்டார்.

“இது என்ன?”

“கார்பன் தாள். பிரதி எடுப்பதற்கு.”

“எதைப் பிரதி எடுப்பதற்கு?”

“அது இன்னும் எழுதப்படவில்லை.”

அவர் திரும்பி மற்றச் சிப்பாயிடம் சொன்னது எனக்கு விளங்கியது: “இந்தக் கிழவன் அரசாங்க உத்தியோகத்தன்தான். விடு, போகட்டும்.”

களப்பைக் கடக்கும் படகில் இருபது பேர், எட்டு சைக்கிள், ஒரு கோழி. நடுக் களப்பில் எஞ்சின் நின்றது. கோழி வைத்திருந்த பெண் படகோட்டியைப் பிடித்தாள்.

“தம்பி, எண்ணெய் விட்டனீயே?”

“விட்டனான் அக்கா. மண்ணெண்ணெயிலை ஓடப் பழகின எஞ்சின். கொஞ்சம் யோசிச்சுத்தான் ஓடும்.”

நான் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். கேட்பது பயணியின் கடமை.

“ஐயா, நீங்கள் இருக்கிறது அதுக்கு மேலைதான்” என்றார் படகோட்டி. எழுந்து பார்த்தேன். ஒன்றாகக் கட்டப்பட்ட மூன்று வெறும் எண்ணெய்க் கான்கள். பயணம் முடியும்வரை இருபது பேரும் என்னைப் பொறாமையோடு பார்த்ததாக எனக்குப் பட்டது.

கரையில் நான் ஏறிய வாடகைக் கார் என்னைவிடச் சில வருஷம்தான் இளையது. அதன் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல் ஒன்று தொங்கியது. அதற்குள் சிறிது பெற்றோல்.

“சும்மா மணக்கக் காட்டினால் காணும் ஐயா” என்றார் சாரதி. “பிறகு தான் பெற்றோல் கார் எண்ட நினைப்பிலை மண்ணெண்ணெயிலை ஓடும்.” லண்டனில் மகளின் கார் ஆசனப்பட்டி போடாவிட்டால் கீச்சிடும். இங்கே என் பக்கத்துக் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிறு என் வயிற்றையும் சுற்றிப் போனது. ஒரே கயிற்றில் இரண்டு வேலை முடிந்துவிடுவதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கொக்குவிலில் படலையைத் திறந்தபோது தூசியில் இருமினேன். இருமலைக் கேட்டே இராசமணி ஓடி வந்தாள். எனக்கு இடப்பக்கம் நின்ற பூவரச மரத்தைப் பார்த்து, “அண்ணை! நல்லா மெலிஞ்சுபோனியள்” என்றாள்.

மச்சான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எனக்கும் அவருக்கும் இடையே மூன்று அடி.

“இஞ்சாரும்,” என்றார் மனைவியிடம், “உம்மடை கொண்ணர் வழியிலை ஏதும் சாப்பிட்டவரோ எண்டு கேளும்.”

“ஒரு வடை சாப்பிட்டனான் எண்டு சொல்லு பிள்ளை” என்றேன்.

“வடை சாப்பிட்டவராம்.”

“வடை காணாது. பிட்டு எடுத்துவையும்.”

பதினாறு வருஷம் கதைக்காவிட்டாலும் சாப்பாட்டு விஷயத்தில் மனிதர் குறைவைக்கவில்லை. அரிசிமாப் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, இதரை வாழைப்பழம். சீனி கிடைக்காததால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. லண்டனில் பிட்டு என்ற பெயரில் மகள் செய்வதை எந்த வகையில் சேர்ப்பதென்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை; கட்டடப் பொருள்களுக்குள் வரும் என்று நினைக்கிறேன். இராசமணி பரிமாறும்போது விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துத்தான் கோப்பையைக் கண்டுபிடித்தாள்.

இரண்டாம் நாள் காலை பெட்டி இறக்கப்பட்டது. நான்கு மூலையும் நசுங்கவில்லை. என் முத்திரை வைத்தபடி. என் ஒப்பம் இளமையாக இருந்தது. சுங்கம் திறப்பது திறப்பல்ல என்பதால் “முதலாம் தரம்” என்று அறிவித்து, ஹரல்ட் தரச் சம்மதித்த விலையைச் சொன்னேன். இராசமணியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. இரண்டு கண், கொழும்புப் பயணம், தங்குமிடம், எல்லாவற்றுக்கும் அது போதும்.

மச்சான் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

“அப்ப, கொண்ணர் அண்டைக்குப் போட்ட பெறுமதி சரியெண்டு வருது. என்ன?”

எனக்கு அது தோன்றவேயில்லை.

“இவ்வளவு விலைக்கு வித்தால், பதினாறு வருஷமாய் நான்தான் பிழையெண்டு ஊர் சொல்லும். விக்கேலாது எண்டு கொண்ணருக்குச் சொல்லும்.”

“குறைச்சுத் தாறன் எண்டு சொல்லு பிள்ளை” என்றேன்.

“குறைச்சு வித்தால், அண்டைக்கு என்னட்டைப் பறிச்சது காணாதெண்டு இண்டைக்குச் சாமானையும் அடிச்சுக்கொண்டு போறார் எண்டு ஊர் சொல்லும். அதுவும் ஏலாது.”

கூட்டினாலும் பிழை, குறைத்தாலும் பிழை. இப்படி ஒரு பொருளை நான் பணியில் சந்தித்ததில்லை.

“ஒரு சொல்லை மாத்தி எழுதச் சொல்லும்” என்றார் மச்சான். “விளையாட்டுச் சாமான் எண்டு. எழுதினால் சும்மாவும் குடுப்பன். கொண்ணரின்ரை காசிலை உமக்குக் கண்ணும் வெட்டுவிப்பன்.”

வகைப்படுத்தலில் குறை இருந்தால் குறித்த காலத்துக்குள் மூன்று பிரதிகளில் மேன்முறையீடு செய்திருக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். காலம் கடந்த மேன்முறையீட்டை ஏற்பதற்கு இடமில்லை. தவிர, என் பணிக்காலத்தில் நான் எழுதிய எதையும் திருத்தியதில்லை. அந்தச் சொல் பிழை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிவது வேறு, எழுதிக்கொடுப்பது வேறு.

இராசமணி அகப்பையால் மேசையில் அடித்தாள். “என்ரை கண் போகுது. நீங்கள் ரெண்டுபேரும் ஒரு சொல்லிலை தொங்கிக்கொண்டு நிக்கிறியள். பெட்டியைத் திறவுங்கோ. விளையாடிப் பாப்பம். அண்ணை வெண்டால் அண்ணை எழுதினதுதான் சரி. அவர் சொல்லுற விலைக்கு நீங்கள் விக்க வேணும். நீங்கள் வெண்டால் அண்ணை அந்தச் சொல்லை மாத்த வேணும்.”

“திறந்தால் இரண்டாம் தரம்!” என்று கத்தினேன். “விலை அரைவாசியாய்ப் போயிடும் பிள்ளை!”

“எனக்கு ரெண்டு கண்ணும் மூண்டாந்தரம் அண்ணை. திறவுங்கோ.”

 விழுகிற விலையை என் சேமிப்பால் நிரப்பலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு சம்மதித்தேன்.

ஆனால் குடாநாட்டில் மின்சாரம் நின்று ஐந்து வருஷம். மூன்றாம் நாள் அருளப்பு வந்தார். குருநகர்க்காரர்; கடற்கரையில் இருக்க முடியாமல் குடும்பத்தோடு அடுத்த ஒழுங்கையில் வந்து குடியிருந்தார். மீன்பிடி வள்ள எஞ்சின் திருத்தியவர், இப்போது சைக்கிளில் இருந்து மின்சாரம் எடுத்துத் தருவதைத் தொழிலாக்கியிருந்தார். ஒரு சைக்கிளை விறாந்தையில் நிறுத்தி, பின்சில்லைத் தூக்கி, அதில் ஒரு பழைய காரின் டைனமோவைக் கொளுவினார். சின்னக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

என் முத்திரையை நானே உடைத்தேன். உள்ளே கருவி பளபளத்தது. இராசமணி குமிழைத் தடவிப் பார்த்து, “என்ன வடிவான சாமான்” என்றாள். பதினாறு வருஷத்துக்கு முன் அவளுக்கென்று வாங்கியது. நான் வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“சூதாட்டச் சாமானிலை நான் கை வைக்கமாட்டன்” என்றார் மச்சான். “என்ரை பக்கத்துக்கு இவ விளையாடட்டும். நான் சைக்கிள் உழக்கிறன்.”

“ஐயா, ஒரே சீரா உழக்க வேணும்” என்றார் அருளப்பு. “மெதுவா உழக்கினால் புள்ளியும் மெதுவாத்தான் ஓடும். நிப்பாட்டினால் படமே சுருங்கிப்போயிடும். சொல்லிப்போட்டன்.”

பதினைந்து எடுப்பவருக்கு வெற்றி. அருளப்பு நடுவர். மச்சான் வேட்டியை மடித்துக்கட்டி ஏறினார். திரை விழித்தது. இரண்டு கோடு, ஒரு புள்ளி.

முதல் நான்கும் எனக்கு. இராசமணி திரையில் மூக்கு முட்டும்படி இருந்து, “அண்ணை, புள்ளி எங்கை நிக்குது?” என்று கேட்டாள். எதிராளிக்குத் தகவல் கொடுப்பது முறையல்ல என்பதால் நான் சொல்லவில்லை.

“நாலுக்கு ஒண்டுமில்லை!” என்று அருளப்பு கோயிற்பற்றுக் கூட்டத்தில் அறிவிப்பதுபோல் அறிவித்தார்.

பிறகு என்னவோ நடந்தது. டொக். டொக். அவள் அடிக்கத் தொடங்கினாள். மச்சானுக்கு இருமல் வேறு. இருமுவதும் செருமுவதுமாக உழக்கினார். “அவருக்குத் தண்ணி குடுங்கோ” என்று நான் அருளப்புவிடம் சொன்னதற்கு, மச்சானும் அருளப்புவைப் பார்த்தே, “வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். ஐந்துக்கு ஐந்து. எட்டுக்கு ஆறு. என் கோடு புள்ளியைத் துரத்துவதற்குள் புள்ளி போய்விட்டிருந்தது.

அவள் ஒன்பதாவது எடுத்தபோது எனக்குப் பிடிபட்டது. புள்ளி என் பக்கம் வரும்போது மச்சான் தேர்வடம் இழுப்பவர்போல் மூச்சைப் பிடித்து உழக்கினார், புள்ளி பாய்ந்தது. இராசமணியின் பக்கம் திரும்பியதும் அவர் கால் ஓய்ந்துவிடும், படம் சுருங்கும், புள்ளி மாட்டுவண்டிபோல் அசைந்து அசைந்து அவளிடம் போகும். மின்வழங்கலில் நடுநிலை தவறியிருந்தது. ஆட்டத்தை நிறுத்தி, எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, நடுவரின் ஒப்பம் பெறுவதற்கு எனக்கு முறை தெரியும். சட்டைப்பையில் பேனாவைத் தொட்டும் விட்டேன்.

மச்சானுக்கு எழுபது வயது. ஒரு முழங்கால் வீங்கியிருந்தது. வியர்வை மூக்கு நுனியில் இருந்து சைக்கிள் கைபிடியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. மனைவியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை விட்டுவிட்டேன். அதற்காக நான் விட்டுக்கொடுத்து விளையாடினேன் என்று எண்ண வேண்டாம். கடைசிப் புள்ளிவரை குமிழ் கழன்றுவிடுமளவு திருப்பினேன். தோற்பது எனக்குப் பழக்கமில்லை.

“பதினைஞ்சுக்கு ஒன்பது!” என்றார் அருளப்பு. மச்சான் இறங்கி, நிற்க முடியாமல் சைக்கிளையே பிடித்துக்கொண்டு நின்றார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

நான் மேசையில் இருந்து, கார்பன் வைத்து, மூன்று பிரதிகளில் எழுதினேன்: ‘மேற்படி பொருளைச் சூதாட்ட இயந்திரம் என வகைப்படுத்தியது தவறு. இது ஒரு விளையாட்டுப் பொருள்.’ முப்பத்துநான்கு வருஷத்தில் ‘தவறு’ என்ற சொல்லுக்குக் கீழே என் ஒப்பம் விழுந்தது அதுவே முதல் தடவை.

மச்சான் வாங்கி மூன்று முறை வாசித்தார். “திகதி போடேல்லை.” போட்டேன். “பதவி?” ‘ஓய்வு’ என்று சேர்த்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“தேத்தண்ணி ஆறுது மச்சான். குடியும்.”

பதினாறு வருஷத்துக்குப் பிறகு முன்னறிவித்தல் இல்லாமல் நேரே வந்ததில் நான் தடுமாறிப்போனேன். பழக்கதோஷத்தில் இராசமணியைப் பார்த்து, “குடிக்கிறன் எண்டு சொல்லு பிள்ளை” என்றேன். அருளப்பு சிரித்த சிரிப்பில் டைனமோ கழன்று விழுந்தது.

“கண் விஷயத்தை நீரே பாரும்” என்றார் மச்சான். “உம்மடை தங்கச்சிதானே. பெட்டியையும் கொண்டுபோம். விளையாட்டுச் சாமான்தானே, எனக்கென்னத்துக்கு?”

ஒரு கிழமைக்குள் மூவரும் கொழும்புக்குப் புறப்பட்டோம். அதே சோதனைச் சாவடி. செம்மஞ்சள் பெட்டி, இரண்டு கறுப்புக் குமிழ், சுருட்டிய வயர். வெளியே எடுத்ததும் வரிசையில் நின்ற எல்லோரும் நாலடி பின்னே போனார்கள். நானும் போனேன். மச்சான் மட்டும் முன்னே போய்ச் சட்டைப்பையில் இருந்து தாளை எடுத்து விரித்தார். “விளையாட்டுச் சாமான்! எழுத்திலை கிடக்கு!” சிப்பாய்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்போது என் பெட்டியை முன்பு கிளறிய சிப்பாய் வந்து என்னைப் பார்த்தார்.

“கார்பன் கிழவன்! எழுதி முடித்துவிட்டாயா?”

“முடித்துவிட்டேன். மூன்று பிரதி.” இரண்டாவது பிரதியை அவரிடமே கொடுத்தேன். வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்தியோடு தலையாட்டினார். நாங்கள் போனோம்.

லண்டனில் ஹரல்ட் உடைந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார். குமிழை முகர்ந்தார். “யாரோ விளையாடியிருக்கிறார்கள்” என்றார் மரணச் செய்தி கேட்டவர்போல. ஒரேயொரு தடவை என்று சொல்லியும் பயனில்லை. இரண்டாம் தரம் என்று எழுதி, இரண்டாம் தரத்துக்குத் தான் காசு கொடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, அதற்கீடாக ஒரு தகரம் பிஸ்கட் தந்தார். நிறை பார்த்தேன். சரியாக இருந்தது. கண்ணுக்கான செலவு என் சேமிப்பில் போனது மச்சானுக்குத் தெரியும், ஹரல்ட் தந்தது பிஸ்கட் என்பது தெரியாது.

மூன்று மாதம் கழித்து இராசமணியின் கடிதம் வந்தது. இந்த முறை அவளுடைய எழுத்து, வரிகள் கொஞ்சம் மேலேறியிருந்தன. பூவரச மரத்துக்குப் பூச்சி பிடித்திருக்கிறதாம். இத்தனை நாளும் யாரும் சொல்லவில்லையாம். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: ‘அண்ணை, ஒரு விஷயம் சொன்னால் கோபிக்கக் கூடாது. அண்டைக்கு எனக்குப் புள்ளி ஒரு தரமும் தெரியேல்லை. சைக்கிள் சத்தம் ஓய்ஞ்சால் புள்ளி என்ரை பக்கம் வருது. இவர் இருமினால் கோட்டை மேலை திருப்ப வேணும், செருமினால் கீழை. சைக்கிளிலைதான் கறண்ட் எடுக்கிறதெண்டு தெரிஞ்ச உடனை, ஆட்டத்துக்கு முதல் நாள் இரவே கதைச்சு வைச்சனாங்கள்.’

காற்சட்டை மடிப்புக்குள் தங்கம் வைத்திருப்பவனை நடையிலேயே பிடித்தவன் நான். என் முன்னால் ஒரு மனிதன் அரை மணித்தியாலம் கடத்தல் செய்திருக்கிறான், நான் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடிதத்தின் அடியில் மச்சானின் கையெழுத்தில் ஒரே வரி: ‘ஆட்சேபம் இருப்பின் மூன்று பிரதிகளில் அனுப்பவும்.’

என்னிடம் கார்பன் முடிந்துவிட்டது.